டேப் ஒட்டிய பிரஸ்

போன பிப்ரவரியில், எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒரு பண்ணை வீட்டில் எஸ்டேட் சேல் நடந்தது. வீட்டுக்காரர் காலமான பிறகு கரண்டியிலிருந்து டிராக்டர் வரை எல்லாவற்றிலும் விலைச்சீட்டு ஒட்டி இரண்டே நாளில் விற்றுத் தீர்ப்பார்கள். பென்சில்வேனியா கிராமப்பக்கத்தில் எனக்கு சனிக்கிழமைப் பொழுதுபோக்கே அதுதான். அந்த வீட்டு கராஜின் மூலையில், காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அது கிடந்தது. வளையம் மாதிரி மூடிய வார்ப்பிரும்புச் சட்டம், நடுவே ஒரு அங்குலத் தடிமனில் மேலும் கீழும் போகும் எஃகுத் தண்டு, பக்கவாட்டில் நீளமான கைப்பிடி. கைப்பிடியின் உருண்டையைக் காணவில்லை. யாரோ கதவுக்குப் பூசி மிஞ்சிய பழுப்பு பெயின்ட்டை இதற்கும் அப்பியிருந்தார்கள். சீட்டில் 'இரும்புச் சாமான், 40 டாலர்' என்று எழுதியிருந்தது.

அது என்ன சாமான் என்று விற்றவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தோட்டா மறுநிரப்பும் பிரஸ். பேரம் பேசாமல் 40 டாலரைக் கொடுத்துவிட்டு, யாராவது தடுத்துவிடுவார்களோ என்று வேகமாக காருக்கு நடந்தேன். பதினைந்து கிலோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகம்.

இந்தப் பொழுதுபோக்கு நம் ஊர் ஆட்களுக்குப் புதிதாக இருக்கும், கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டாவில் நான்கு பொருள்: பித்தளைக் கூடு, அடியில் தட்டினால் பொறி விடும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, மேலே குண்டு. சுட்டதும் மருந்தும் குண்டும் போய்விடும், கூடு மட்டும், அடியில் எரிந்துபோன பிரைமரோடு, கையில் நிற்கும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த நல்ல பித்தளை அது. சுடும்போது துப்பாக்கி அறையின் அளவுக்கு உப்பிவிடும். அதை டை என்கிற எஃகு அச்சுக்குள் அழுத்தி மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் திரும்ப நிரப்பலாம். அப்படி அழுத்துகிற கருவிதான் பிரஸ். நம் ஊரில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலே 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் பாயும். பென்சில்வேனியாவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ளத் தனி உரிமம் எதுவும் வேண்டாம். மான் வேட்டைக்காக தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றிநாளுக்கு அடுத்த திங்கள்கிழமை பல பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறையே விடுகிற மாநிலம் இது. மருந்து எவ்வளவு போடுவது என்பதைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. அது அச்சிட்ட கையேட்டைப் பார்த்துச் செய்ய வேண்டியது, அடுத்தவன் சொல்லிக் கேட்டுச் செய்ய வேண்டியதில்லை.

நான் வாங்கியது எந்தக் கம்பெனி பிரஸ் என்பதையும் சொல்லப்போவதில்லை. இரும்புச் சட்டத்தில் பெயர் வார்த்திருக்கிறது, பெயின்ட்டைச் சுரண்டியதும் தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவார்கள். மீதிப் பேர் 'அப்பவே தெரியும்' என்பார்கள். கம்பெனிக்கு ஒரு நிறம், அந்த அளவுக்கு இந்த உலகத்தில் நிறப்பற்று உண்டு.

பச்சை என்றால் ஆர்சிபிஎஸ். 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃபிரெட் ஹன்டிங்டன் ஆரம்பித்தது. சுட்டுப்போட்ட .22 கூடுகளையே உறையாக வைத்துக் குண்டு செய்யும் ஒரு டையை உருவாக்கினார். பாறையிடுக்கில் வாழும் 'ராக் சக்' என்ற, பெருத்த அணில் மாதிரியான பிராணியைச் சுடுவதற்கான குண்டு. ராக் சக் புல்லட் ஸ்வேஜ், அதன் சுருக்கம்தான் கம்பெனிப் பெயர். சிவப்பில் இரண்டு கட்சி. ஒன்று ஹார்னடி, 1949இல் நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் ஜாய்ஸ் ஹார்னடி தொடங்கியது. ஜாய்ஸ் என்றதும் ரொம்ப நாள் அவரை ஒரு அம்மா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு சிவப்பு லீ. 1958இல் விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ, பிரஸ்ஸே வேண்டாம், ஒரு சுத்தியல் போதும் என்று ஒரு சின்னப் பெட்டிக்குள் எல்லாக் கருவியையும் அடக்கி விற்றார். இந்த இரண்டு சிவப்பையும் ஒன்றாகப் பேசிவிடக் கூடாது. இடது கம்யூனிஸ்டும் வலது கம்யூனிஸ்டும் மாதிரி, கொடி ஒன்றுதான், மேடை வேறு. நீலம் என்றால் அரிசோனாவின் டில்லன். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா விழுகிற வேகமான பிரஸ்களுக்குப் பேர்போனது. ஆரஞ்சு லைமன், இவர்கள் எல்லாரையும்விட வயதில் மூத்தது.

எனக்கு இந்தப் பழக்கத்தைத் தொற்றவைத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் நீலக் கட்சி. நாற்பது வருஷம் டூல்ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தொப்பி நீலம், மேஜை விரிப்பு நீலம். அவருடைய நீலப் பிரஸ்ஸில் ஒரு பாகம் உடைந்தால் கம்பெனி கேள்வி கேட்காமல் அனுப்பிவைக்கும் என்று வருஷத்தில் நான்கு தடவையாவது சொல்வார். இத்தனைக்கும் அவருடையதில் எதுவும் உடைந்து நான் பார்த்ததில்லை. "உடைஞ்சா?" என்பார். உடையாத பாகத்துக்கான உத்தரவாதத்தில் அவருக்கு இருக்கும் மகிழ்ச்சி எனக்கு என் ஓய்வூதியக் கணக்கில்கூட இல்லை.

சிரிக்கிறேனே தவிர, எனக்கும் அதே வியாதி உண்டு. கோயம்புத்தூர் கணபதியில் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். வெர்னியர் என்றால் மிடுடோயோ, மற்றதெல்லாம் ஸ்கேல் என்பது வீட்டு வேதம். இன்றைக்கும் கடையில் வேறு வெர்னியரைக் கையில் எடுத்தால் ஏதோ அசைவம் தொட்ட மாதிரி வைத்துவிடுவேன்.

சரி, பிரஸ்ஸுக்கு வருவோம்.

முதல் நாள் எதையும் கழற்றவில்லை. ஆட்டம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தேன். பிரஸ்ஸை மேஜையில் போல்ட் போட்டு இறுக்கி, தண்டை மேலே ஏற்றி, அதன் தலையில் டயல் கேஜின் முனையை வைத்து, கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினேன். 0.08 மி.மீ. பரவாயில்லையே என்று நினைத்தேன். அப்புறம் தண்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். பழைய கிரீஸ், தூசு, பிரைமர் கரி எல்லாம் சேர்ந்து கறுப்பு அல்வா மாதிரி வந்தது. துடைத்து, எண்ணெய் போட்டு, திருப்பி மாட்டி மறுபடி தள்ளினால் 0.18. சுத்தம் செய்ததும் ஆட்டம் இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டது! அந்த அழுக்குதான் இத்தனை நாள் இடைவெளியை அடைக்கும் புஷ்ஷாக வேலை பார்த்திருக்கிறது.

அந்தக் கரியைப் பற்றி ஒரு வார்த்தை. சுட்ட கூட்டைப் பிரஸ்ஸில் அழுத்தும்போதே பழைய பிரைமரும் ஊசியால் தள்ளப்பட்டு வெளியே வரும். பல பழைய பிரஸ்களில் அது தண்டின் பக்கத்து வாயிலிருந்து முன்னால் ஒரு தட்டில் விழும், விழுகிற வழியில் கரியைத் தண்டின் மேலேயே தூவிவிடும். கண்ணாடித் தூள் மாதிரி சொரசொரப்பான கரி. ஒவ்வொரு இழுப்புக்கும் தண்டையும் துளையையும் எமரி போடுகிற வேலையை அது செய்யும். இதை அழகாகத் தீர்த்த பிரஸ்களில் ஒன்று, மலிவு விலைக்காரர் என்று எல்லாரும் இளக்காரமாகப் பேசும் லீ கம்பெனியின் வார்ப்பிரும்புப் பிரஸ். தண்டின் நடுவிலேயே துளை போட்டு, பிரைமர் அதற்குள்ளேயே விழுந்து ஒரு குழாய் வழியாகக் குப்பைக்குப் போய்விடும். தண்டு சுத்தமாகவே இருக்கும். விலைச்சீட்டைப் பார்த்துத் தரத்தைச் சொல்கிறவர்கள் இந்த ஒரு பாகத்தையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். (அந்தக் கரியில் ஈயமும் இருக்கும். கையுறை போடுங்கள், வேலை முடிந்து கை கழுவாமல் முறுக்கு டப்பாவைத் தொடாதீர்கள். நான் தொட்டு மனைவியிடம் வாங்கியிருக்கிறேன்.)

தண்டில் துரு இருந்தது, ஆனால் எமரித் தாளைத் தொடவில்லை. தேய்ந்த தண்டை இன்னும் தேய்த்தால் ஆட்டம் கூடத்தான் செய்யும். மிக மெல்லிய எஃகுப் பஞ்சும் எண்ணெயும் வைத்து மேல்துருவை மட்டும் எடுத்தேன். அடியில் கறுப்புக் கறைகள் நின்றன. நிற்கட்டும். அளவில்தான் எனக்கு அக்கறை, அழகில் இல்லை. சின்னப் பாகங்களை வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, காலையில் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே எண்ணெய் போட்டேன். 'உடனே' என்பது முக்கியம். நடுவில் ஒரு காபி குடிக்கப் போய் வந்ததற்குள் கைப்பிடிப் போல்ட் ஆரஞ்சு நிறம் ஆகிவிட்டது. ஒரு நிமிஷம் லைமன் கட்சிக்கு மாறிவிட்டது.

இனிதான் உண்மையான நோய். கைப்பிடியை மேலே தூக்கி, இறக்க ஆரம்பித்தால் முதல் இரண்டு விரல்கடை தூரத்துக்குத் தண்டு அசையவே இல்லை. கைப்பிடிக்கும் தண்டுக்கும் நடுவே இரண்டு இணைப்புத் தகடுகள், அவற்றைக் கோக்கும் பின்கள். சர்க்கிளிப்பைக் கழற்றிப் பின்னை வெளியே தட்டி எடுத்து அளந்தேன். தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தேயாத நுனியில் 12.70 மி.மீ, தகடு உட்காரும் இடத்தில் 12.58. விரல் நகத்தை நீளவாக்கில் இழுத்தாலே படி தட்டியது.

சனிக்கிழமை காலை, அங்கே சாயங்காலம். வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டு பின்னைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். கிட்டத்தில் பார்ப்பதற்கு அவர் வழி அது.

"பின்னு கெடக்கட்டும் கண்ணு, ஓட்டையக் காட்டு."

தகட்டை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினேன்.

"முட்டையாட்ட ஆயிருச்சு பாரு. பின்ன மட்டும் மாத்துனா ரெண்டு மாசந்தான். ரீமர் போட்டு ஓட்டைய வட்டமாக்கி, அதுக்கு ஏத்த பின்னு கடைஞ்சு போடு."

"கம்பெனில கேட்டா பின்னு அனுப்புவாங்கப்பா."

"பழைய சைஸ்லதான அனுப்புவாங்க? உன்ற ஓட்டை பழைய சைஸ்லயா இருக்குது?"

பதில் இல்லை. வாழ்நாள் உத்தரவாதம் என்றெல்லாம் பேசுகிறோம். அது பாகத்துக்குத்தான், அந்தப் பாகம் உட்காரும் துளைக்கு இல்லை. இது எந்த நிறத்துக்கும் பொருந்தும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சின்ன லேத் உண்டு. 33/64 அங்குல ரீமர், அதே அளவில் சில்வர் ஸ்டீல் கம்பி ஒன்று, இரண்டும் சேர்ந்து 31 டாலர். அதாவது 12.70 இருந்ததை 13.10 ஆக்குகிறோம். இரண்டு தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிளாம்ப் போட்டு ஒரே போக்கில் ரீமரை இறக்க வேண்டும். தனித்தனியாகச் செய்தால் இரண்டு துளைகளுக்கும் இடையே உள்ள தூரம் தகட்டுக்குத் தகடு மாறி, தண்டு ஒரு பக்கம் இழுக்கும். கையால்தான் திருப்பினேன், ஒரு சுற்றுக்கு ஒரு சொட்டு எண்ணெய். ரீமரைப் பின்பக்கமாகத் திருப்பவே கூடாது, விளிம்பு போய்விடும். முட்டையின் நீண்ட பக்கத்தில் முதலில் வெட்டவே இல்லை, குட்டைப் பக்கத்தில் மட்டும் கறுப்புச் சுருள் வந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவந்து, கடைசியில் முழு வட்டத்திலும் ஒரே பளபளப்பு தெரிந்தது. அந்தக் கட்டத்தில் ரீமரின் சத்தமே மாறிவிடும், கரகரப்பு போய் ஒரு உறுமல். இருபது வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கணபதி பட்டறையின் எண்ணெய் வாசனை மூக்கில் வந்தது. தண்டின் அடித்துளைக்கும் கைப்பிடிக் கட்டையின் துளைக்கும் அதே வைத்தியம்.

பின்களில் சர்க்கிளிப்புக்குக் காடி வெட்டும்போது பெரியவர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். ஒரு காடி ஆழம் கூடிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு துண்டுக் கம்பியை எடுத்து நீட்டினார்.

மாட்டியதும் கைப்பிடியைத் தொட்டவுடனே தண்டு கிளம்பியது. ஆனால் தண்டின் பக்கவாட்டு ஆட்டம் அதே 0.18தான். துளைக்குப் புஷ் போட வேண்டுமென்றால் சட்டத்தையே போரிங் செய்ய வேண்டும். இரண்டு நாள் யோசித்து, விட்டுவிட்டேன். காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. கூடு டைக்குள் நுழையும்போது டையின் சுவர் அதைத் தானாகவே நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். தண்டு கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அதற்கு நல்லதுதான். ஃபார்ஸ்டர் கம்பெனியின் கோ-ஆக்ஸ் பிரஸ்ஸில் டையை மரை போட்டு இறுக்குவதே இல்லை, ஒரு காடியில் செருகி வேண்டுமென்றே மிதக்க விட்டிருப்பார்கள். நேரான தோட்டாவுக்குப் பேர்போன பிரஸ் அது. கடையில் பிரஸ்ஸைப் பிடித்து ஆட்டிப் பார்த்து 'இது லொடலொட' என்று ஒதுக்குகிறவர்கள் தவறான இடத்தை ஆட்டுகிறார்கள். தண்டை ஆட்டாமல், பின்னை ஆட்டுங்கள்.

பெயின்ட் வேலை சீக்கிரம் முடிந்தது. பழுப்பைச் சுரண்டினால் உள்ளே ஒரிஜினல் நிறம் அங்கங்கே திட்டுத்திட்டாக இருந்தது. அந்த நிறத்துக்கு எந்த ஸ்பிரே டப்பா அச்சு அசலாகப் பொருந்தும் என்று வாரக்கணக்கில் வாதாடும் ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் சாம்பல் நிற பிரைமர் டப்பா ஒன்று பாதி இருந்தது. (இது பெயின்ட் பிரைமர், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மரையிலும் துளையிலும் பெயின்ட் போகாமல் டேப் ஒட்டினேன். கையோடு, வார்த்திருந்த பெயரின் மேலும் ஒரு துண்டு ஒட்டினேன். அது எழுத்தைப் பாதுகாக்க இல்லை, ஒரு குறும்புக்காக.

இனி மேஜைமேல் மற்ற சாமான்கள். என்னிடம் இருக்கிற டைகள் இரண்டு நிறக் கம்பெனிகள், கூட்டைப் பிடிக்கும் ஹோல்டர்கள் நாலைந்து நிறம். எல்லாம் எல்லாவற்றிலும் பொருந்தும். டையின் வெளி மரை எல்லாரும் ஒரே அளவில் வெட்டுகிறார்கள்: 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. கட்சிச் சண்டை எல்லாம் மேடையில், சட்டசபைக்குள் நாற்காலி ஒரே அளவு. விதிவிலக்கு உண்டு, டில்லனின் ஸ்கொயர் டீல் பி பிரஸ்ஸுக்கு அதன் சொந்த டைதான் போகும். பெரியவரிடம் அதைச் சொன்னால் "அதுக்கு என்ன, அவங்க டையே நல்லா இருக்கே" என்று முடித்துவிடுவார்.

தராசைச் சொல்லாமல் விடக் கூடாது. அதே கராஜில் 15 டாலருக்கு ஒரு பழைய கோல் தராசும் கிடைத்தது, பச்சைக் கம்பெனியின் பெயர் போட்டது. கழுவிப் பார்த்தால் அடித்தட்டில் சின்ன எழுத்தில் ஓஹவுஸ் என்றிருக்கிறது. பள்ளிக்கூட ஆய்வகங்களுக்கெல்லாம் தராசு செய்த அமெரிக்கக் கம்பெனி. பல வருஷங்கள் பச்சைப் பெயரில் வந்த தராசுகளைச் செய்தது அவர்கள்தான், ஆரஞ்சுக்காரர்களுக்கும் செய்திருக்கிறார்கள். பச்சைத் தராசுதான் சரியாக நிறுக்கும், ஆரஞ்சுத் தராசுதான் சரியாக நிறுக்கும் என்று தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டவர்களை நினைத்துக்கொண்டேன். கோலைத் தாங்கும் கத்திமுனை உட்காரும் அகேட் கல்லை மெல்லிய தூரிகையால் தட்டினேன், எண்ணெய் போடவில்லை. போட்டால் தூசு ஒட்டி, கோல் நின்ற இடத்திலேயே நிற்கும். இதன் அலகு கிரெயின், 7000 சேர்ந்தால் ஒரு பவுண்டு. எடைக்கல்லை வைத்துச் சோதித்ததில் பத்தில் ஒரு கிரெயினுக்கு ஒழுங்காக அசைந்தது. நம் ஆசாரிகள் தங்கம் நிறுத்த குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் வரும். அதை இருபது கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவைக் காட்டுகிறது ஐம்பது வயசுத் தராசு.

பழுது பார்த்த பிறகு முதல் சோதனையிலேயே மாட்டிக்கொண்டேன். .30-06 என்ற ரைஃபிள் தோட்டாவின் கூடுகள் இருபது. குப்பி மாதிரிக் கழுத்து குறுகிய கூடுகளுக்கு அழுத்துவதற்கு முன்னால் மெழுகு பூச வேண்டும். பதினோராவதோ பன்னிரண்டாவதோ கூட்டை எடுக்கும்போது போன் வந்தது. பேசிக்கொண்டே அதை ஹோல்டரில் வைத்து இழுத்தேன். உள்ளே போகும்போதே கை கனத்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பிரஸ் சரியாகிவிட்டதே என்ற மிதப்பில் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். திருப்பி இழுத்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். ஹோல்டர் மட்டும் கீழே வந்தது, கூட்டின் விளிம்பில் பாதி பிய்ந்து அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதிக் கூடு டைக்குள்ளேயே. மெழுகு பூசாத கூடு.

இப்படிச் சிக்கினால் எடுக்கும் வழி இது. முதலில் டையின் மேல்பக்கத்து ஊசித் தண்டை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு மேலே ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் டிரில் அதில் போய் இடிக்கும். டையைக் கழற்றி வைஸில் நிறுத்தி, கூட்டின் அடியில் பிரைமர் இருந்த குழியின் நடுவில் துளை போட்டு, கால் அங்குல டேப் (மரை வெட்டும் கருவி, ஒட்டுகிற டேப் இல்லை) ஓட்டி மரை வெட்டினேன். அதன்மேல் ஒரு பெரிய சாக்கெட்டைக் கவிழ்த்து, வாஷர் வைத்து, போல்ட்டைத் திருகி இறுக்க ஆரம்பித்தேன். போல்ட் கூட்டை மேலே இழுக்கும், சாக்கெட் டையைக் கீழே தள்ளும். ஸ்பானர் விறைத்துக்கொண்டே போயிற்று. மரை பிய்ந்துவிடுமோ, பிய்ந்துவிடுமோ என்று ஒவ்வொரு கால் சுற்றுக்கும் நின்றேன். 'டொக்'. கூடு கையில் வந்து விழுந்தது. நீளவாக்கில் கீறல், டைக்கு ஒன்றும் ஆகவில்லை. டை எந்த நிறம் என்று கேட்காதீர்கள், மெழுகு இல்லாமல் எந்த நிறத்திலும் இதேதான் நடக்கும். அந்தக் கூட்டை இப்போது ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறேன், போன் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில்.

அப்புறம் ஒழுங்காகச் செய்த அளவுகள். கூட்டின் தோள்பட்டை, அதாவது கழுத்தை நோக்கிக் குறுகும் இடம், கூட்டின் அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் பிரஸ்ஸின் நாணயத்தைக் காட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் அது ஒரே இடத்தில் வர வேண்டும். பின் மாற்றுவதற்கு முன்னாலேயே பத்துக் கூடுகளை அழுத்தி அளந்து குறித்துவைத்திருந்தேன்: உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் வித்தியாசம் 0.13 மி.மீ. பின் மாற்றிய பிறகு 0.06. சந்தோஷப்பட்டேன். ஒரு யோசனையில் அடுத்த பத்தை, கைப்பிடி கீழே போனதும் உடனே தூக்காமல் மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத் தூக்கினேன். 0.03. பித்தளை அழுத்தத்தை விட்டதும் கொஞ்சம் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும், அழுத்தத்திலேயே சற்று நேரம் வைத்திருந்தால் அடங்கிவிடுகிறது. நண்பர் ஒருவரிடம் இருக்கும், என்னுடையதைப் போலப் பத்து மடங்கு விலையுள்ள பிரஸ்ஸில் அதே டை, அதே ஹோல்டர், அதே ஐந்து எண்ணிக்கை: 0.03. நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். அளந்தோம். 0.025 வந்தது. "பாத்தியா?" என்றார்.

ஹோல்டரை மாற்றினால் கதையே வேறு. கூட்டின் அடி உட்காரும் தளம் ஹோல்டரின் மேல்முகத்திலிருந்து 0.125 அங்குலம், அதாவது 3.175 மி.மீ, ஆழத்தில் இருக்க வேண்டும். என்னிடமிருந்த ஐந்தையும் அளந்ததில் எல்லாவற்றிலும் குறைந்ததற்கும் கூடியதற்கும் 0.07 மி.மீ வித்தியாசம். பிரஸ்ஸுக்கு 31 டாலரும் ஒரு வார இறுதியும் செலவழித்து நான் குறைத்த வித்தியாசம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். பத்து டாலர் ஹோல்டரை மாற்றிப் போட்டால் அத்தனையும் திரும்ப வந்துவிடும். நல்லதாக ஒன்றை எடுத்து, மார்க்கரால் புள்ளி வைத்து, இனி .30-06க்கு இது மட்டும்தான் என்று தனி டப்பாவில் போட்டுவிட்டேன். ஹோல்டரில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது எனக்கே இப்போது ஞாபகம் இல்லை, புள்ளி நீல மார்க்கர்.

கைப்பிடி உருண்டைதான் பாக்கி. கடையில் கிடைக்கும், 12 டாலர். மகளின் பழைய விளையாட்டுச் சாமானில் ஒரு மர உருண்டை இருந்தது. துளை போட்டு, மரையில் பசை வைத்துத் திருகினேன். மஞ்சள் நிறம். எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத நிறம் என்று எனக்குத் திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வந்தார். கராஜுக்குள் நுழைந்ததும் சாம்பல் நிறப் பிரஸ்ஸைப் பார்த்தார், மஞ்சள் உருண்டையைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார்.

"அதுக்குக் கீழே என்ன பேரு?"

"முதல்ல இழுத்துப் பாருங்க."

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார், எங்கள் அப்பா மாதிரியே. கைப்பிடியை இரண்டு விரலால் மட்டும் பிடித்து மெதுவாக இறக்கினார், ஏற்றினார். பின்னைத் தொட்டு அசைத்தார், அது அசையவில்லை. தண்டைப் பக்கவாட்டில் தள்ளினார், அது அசைந்தது. உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு தடவை இழுத்தார், இந்த முறை கீழே கொண்டுபோய் நிறுத்தி, தலையைச் சாய்த்துக் காதால் கேட்டார்.

"நீலம் இல்லை," என்றார்.

"இல்லை."

"நீலம் மாதிரி வராது."

"சரி."

டேப்பின் ஒரு முனையை நகத்தால் நெருடினார். நான் அவர் கையை மெல்ல எடுத்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். கோபமோ என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் ஜிப் பை ஒன்றோடு திரும்பி வந்தார். உள்ளே கழுவிய கூடுகள், நாற்பது இருக்கும். மெழுகு டப்பாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார், நீல மூடி போட்டது.

"நாற்காலி இருக்கா?" என்றார்.